அழைப்பும் முகவரியும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேச என்னினும் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் இருக்கின்றனர். அழைப்பிதழ் அனுப்பும் பொறுப்பை ஏழாண்டுகளாகச் சுமப்பவன் என்ற முறையில், முகவரிகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. பொறுத்தருள்க, என் பிழை ஒன்றையும் இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அஞ்சலில் அனுப்பிய அழைப்பிதழ் திரும்பி வந்தால், உறையின் மேல் அஞ்சல்காரர் காரணம் எழுதியிருப்பார். ‘இடம் மாறிவிட்டார்’, ‘கதவு பூட்டியிருக்கிறது’, ‘அப்படி ஒருவர் இல்லை’, ‘காலமானார்’. தெருவை அறிந்த ஒரு மனிதரின் சொற்கள் அவை. மின்னஞ்சலில் அக்கையெழுத்து இல்லை. அதற்கு மாற்றாகத்தான் முகவரிகளைச் சோதித்துச் சொல்லும் சேவைகள் வந்துள்ளன.

சோதனை ஏன் வேண்டும்? இல்லாத முகவரிகளுக்கு நாம் ஓயாமல் மடல் விடுத்தால், மடல்களைப் பெறும் நிறுவனங்கள் நம்மையே ஐயுறத் தொடங்கும். பின்னர், இருக்கின்ற உறுப்பினர்க்கு அனுப்பியதும் குப்பை மடல்களோடு குப்பையாகக் கிடக்கும். கைவிடப்பட்ட பழைய முகவரிகளுள் சில, கண்ணிகளாகவே வைக்கப்படுவதும் உண்டு. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர்க்கு 2024 பிப்ரவரி முதல் கடுமையான விதிகள் வந்தன. நாம் அத்தனை பெரியவர்கள் அல்லோம். ஆயினும் நற்பெயர் சிறியவர்க்கும் வேண்டியதே.

சோதனை நிகழும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் முகவரியின் எழுத்தமைப்புச் சரியா என்று பார்க்கப்படும். அடுத்து, ‘அட்’ குறிக்குப் பின்வரும் களப்பெயருக்கு மடல் வாங்கும் வழங்கி உண்டா என்று தேடப்படும். இறுதியில் அவ்வழங்கியின் கதவைத் தட்டி, ‘இன்னாருக்கு ஒரு மடல் உள்ளது, வாங்கிக்கொள்வீர்களா?’ என்று கேட்பார்கள். விடை கிடைத்ததும் மடலை வைக்காமலேயே விடைபெற்றுக்கொள்வார்கள். 250 என்றால் ஏற்போம் என்று பொருள். 550 என்றால் மறுப்பு. 450 என்றால் இப்போது இயலாது என்பது. ‘இவர் இங்கிருக்கிறாரா?’ என்று நேரடியாகக் கேட்கவே 1982-ஆம் ஆண்டின் விதிமுறையில் ஒரு கட்டளை இருந்தது. குப்பை மடல் விடுப்போர் அதைத் தவறாகப் பயன்படுத்தவே, பெரும்பாலான வழங்கிகள் அதற்கு விடை சொல்வதை நிறுத்திவிட்டன. ஆகவேதான் இந்தச் சுற்றுவழி.

முடிவுகள் பெரும்பாலும் நான்கு சொற்களில் வரும்: செல்லும், செல்லாது, எதையும் ஏற்கும், தெரியவில்லை. முதல் இரண்டும் எளியவை போலத் தோன்றும். பின்னிரண்டில்தான் நான் இடறினேன்.

சில நிறுவனங்களின் வழங்கிகள், எந்தப் பெயரைச் சொன்னாலும் ‘வரட்டும்’ என்றே சொல்லும். பெயர் உண்மையா, கற்பனையா என்று வாயிலில் நின்று அறிய முடியாது. ‘தெரியவில்லை’ என்பது இன்னும் நுட்பமானது. முன்பின் அறியாதவரை முதல்முறை ‘பிறகு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பும் வழக்கம் ஒன்று உண்டு; 2003-இல் ஈவான் ஹாரிஸ் என்பவர் முன்மொழிந்தது. உண்மையான மடலாயின் மறுபடி வரும், குப்பை மடல் வராது என்பது அதன் கணக்கு. அவ்வாறு திருப்பப்பட்ட சோதனையாளர் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிடுகிறார். குறை அங்கே முகவரியில் இல்லை.

இவற்றையெல்லாம் அறியுமுன், நம் பட்டியலை ஒரு சேவையிடம் கொடுத்தேன். உறுப்பினர்களின் முகவரிகளை அவர்களைக் கேளாமலே அயலாரிடம் கொடுத்தது முதற்பிழை. ‘செல்லும்’ என்று வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அடித்தது இரண்டாம் பிழை. பட்டியல் தூய்மையாகிவிட்டது என்று செயற்குழுவில் பெருமையாகவும் சொன்னேன். முதற்கூட்டம் தொட்டு நம்மோடிருந்த மூத்த கவிஞர் ஒருவரின் முகவரி, எதையும் ஏற்கும் கல்லூரி ஒன்றின் களப்பெயரில் இருந்தது. எட்டு மாதங்கள் அவருக்கு அழைப்புச் செல்லவில்லை. ஒருநாள் நூலக வாயிலில் பார்த்தபோது, ‘என் பெயரை அடித்துவிட்டீர்களா, தம்பி?’ என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

‘செல்லும்’ என்ற சொல்லும் முழு உண்மை அன்று. மறைந்த உறுப்பினர் ஒருவரின் முகவரி அவ்வாறே வந்தது, நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் மகள் அதே பெட்டியிலிருந்து விடை எழுதினார்: அப்பா போய் ஓராண்டாயிற்று, அழைப்புகளை அம்மா படிக்கச் சொல்லிக் கேட்கிறார், நிறுத்த வேண்டாம் என்று. இதற்கு எந்தச் சோதனையில் குறியீடு உண்டு? ஓரெழுத்துப் பிழையால் வேறொருவரின் பெட்டிக்குச் செல்லும் முகவரியும் ‘செல்லும்’ என்றே வரும். பெட்டி உண்டு என்பதை மட்டுமே சோதனை சொல்கிறது. அது யாருடையது என்பதை அன்று.

‘செல்லாது’ என்பதையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். 550 என்ற மறுப்பு, ஆள் இல்லாததற்கும் வரும். கேட்டவரைப் பிடிக்காததற்கும் வரும். தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்க 2012-இல் விதிமுறை வகுக்கப்பட்டது. பழைய சோதனைக் கருவிக்கு அது பிழையான எழுத்தமைப்பாகவே தோன்றும். தமிழ் முகவரியைத் தமிழ் இலக்கிய வட்டமே அடித்துவிடலாகாது அல்லவா?

இப்போது செய்வது இதுதான். உறுதியாகச் செல்லாதவற்றுக்கு அனுப்புவதை நிறுத்தி, உரியவரைத் தொலைபேசியில் கேட்கிறோம். தெரியாதவற்றைச் சில நாள் கழித்து மறுபடி சோதிக்கிறோம். எதையும் ஏற்பவற்றுக்குச் சிறு சிறு தொகுதிகளாக அனுப்பி, திரும்புகின்றனவா என்று பார்க்கிறோம். புதிதாகச் சேர்பவர்க்கு ஓர் உறுதிமடல் போகும். அவர் விடையளித்த பின்பே பெயர் பட்டியலில் ஏறும். சோதனையும் பட்டியலை வெளியே கொடுக்காமல், நம் கணிப்பொறியிலேயே நடக்கிறது.

அந்த மூத்த கவிஞர் இன்று இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு மட்டும் அஞ்சலட்டையும் எழுதுகிறேன். வாயிலில் புதிய பதிவேடு ஒன்று வைத்திருக்கிறோம். அன்பு கூர்ந்து ஒன்று என்னும் எண்ணையும் எல் என்னும் எழுத்தையும் வேறுபடுத்தி எழுதித் தாருங்கள்.