எத்தனை மணி நேரம் தாங்கும்?



ஆவடியில் டாங்கி, திருச்சியில் துப்பாக்கி, சென்னை நந்தம்பாக்கத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று படைத்தளவாடத் தொழில் நம் ஊர்களில் வேரூன்றி நாளாயிற்று. அந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளம் பொறியாளர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கூடத்தின்மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் மாண்டார்கள். அதை வானிலேயே மறிக்க வேண்டிய பேட்ரியாட் ஏவுகணைகள் கிளம்பவே இல்லை.

காரணம், ஒரு கணக்கு. பேட்ரியாட்டின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்ற எண் கணினியின் இரும முறையில் முடிவில்லாமல் நீளும். 24 பிட்டோடு அதை நறுக்கிவிட்டார்கள். விடுபட்டது அணுவளவு. ஆனால் கருவி 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதால், பிசகு சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு நொடியானது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ராடார் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

இன்னும் வேதனையான செய்தி உண்டு. எட்டு மணி நேரம் ஓடினாலே குறி விலகுகிறது என்று இஸ்ரேல் பிப்ரவரி 11 அன்றே தெரிவித்திருந்தது. மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிசகு வரும் என்று படைப்பிரிவுகளுக்கு எச்சரிக்கையும் போனது. எத்தனை மணி நேரம் என்று மட்டும் அதில் இல்லை. கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டாலே கடிகாரம் சரியாகியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது, மறுநாள்.

தம்பி, தங்கைகளே, தேர்வுக் குழு உங்கள் கல்லூரி ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டால், அது நன்றாக வேலை செய்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வெப்பத்தில் நின்றது, எத்தனை மணி நேரம் தாங்கியது, எதைச் சோதிக்கவில்லை என்று எண்ணோடு சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த பின்னும் அதுதான் அன்றாடம். ஜே.எஸ்.எஸ். 55555 தரவிதிப்படி கருவியைச் சூட்டிலும் குளிரிலும் அதிர்விலும் தூசியிலும் வாட்டி எடுத்து, ஒவ்வொரு முடிவையும் கையெழுத்திட்டுப் பதிய வேண்டும்.

1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இருப்பதால் வேலையைப் பற்றி வீட்டில்கூடப் பேச முடியாமல் போகலாம். வெளியே யாரும் பார்த்துப் பிழை சொல்ல மாட்டார்கள் என்பதால், உள்ளே இருப்பவர் சொல்லியே ஆக வேண்டும்.

தேர்வுக் குழுவில் அமரும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தன் கருவியின் குறையை ஒளிக்காமல் சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்; முதலில் அவரைத் தேர்ந்தெடுங்கள்.