சந்தேகத்தின் பேரில்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு அமர்வது வழக்கம். நாம் இன்று, உயிரோடு இருப்பவர்களைத் துரத்துகிற ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவோம். நாளிதழில் தினமும் வருகிற சொல்தான்: "சந்தேகத்தின் பேரில்".

சந்தேகப்படும்படி நின்ற வாலிபரைப் பிடித்து விசாரித்ததில் என்று செய்தி தொடங்கும். சந்தேகப்படும்படி நிற்பது என்றால் எப்படி நிற்பது? தியாகதுருகம் பேருந்து நிறுத்தத்தில் இரவு 11 மணிக்கு இரண்டு பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மடிப்புக் கலையாத சட்டையில் இருக்கிறார். இன்னொருவர் கைலி கட்டி, அழுக்குப் பையோடு இருக்கிறார். ரோந்து ஜீப் யார் பக்கம் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். முதல் கேள்வி எந்த ஊர், அடுத்த கேள்வி எந்தத் தெரு. தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான்.

இந்தப் பார்வை நேற்று வந்ததல்ல. வெள்ளை அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் குற்றம் செய்தாரா என்று பார்க்காமல், எந்த வயிற்றில் பிறந்தார் என்று பார்த்து ரேகை எடுத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், ஊர் தாண்ட சீட்டு வாங்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அது மதுரைப் பக்கத்துக் கதை மட்டுமல்ல. நம் பழைய தென்னாற்காட்டில் "வேப்பூர் பறையர்" என்று ஓர் ஊரின் பெயரையும் ஒரு சாதியின் பெயரையும் சேர்த்துக் கட்டிக் குற்றவாளிகளின் ஏட்டில் எழுதினார்கள். அஜீஸ் நகரில் குடியமர்வு முகாம் அமைத்தார்கள். குறவர்கள் பட்ட பாடு தனியே ஒரு நூலாகும். தீண்டப்படாதார் பற்றி 1948இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் அண்ணல் அம்பேத்கர், குற்றப் பரம்பரையினரையும் பழங்குடிகளையும் தீண்டப்படாதாரையும் ஒரே வரிசையில் வைத்து, இவர்களை உண்டாக்கிய நாகரிகத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31 அன்றும் சட்டம் நீங்கியது. ஏடு நீங்கவில்லை. 1948இலேயே "வழக்கமான குற்றவாளிகள்" என்ற பெயரில் வேறு சட்டம் வந்துவிட்டது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2024 அக்டோபர் 3 வரை ஆயிற்று.

கணக்கு பொய் சொல்லுமா என்று நம்மிடம் கேட்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேர் மீது குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. இவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பில் நாம் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடுதான்.

அப்படியானால் நம்மிடம் குற்றம் அதிகமா? ஏரியின் ஒரு மூலையில் மட்டும் வலை வீசிவிட்டு, மீனெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று சொன்னால் ஒப்புவோமா? திருட்டு நடந்தால் முதலில் காலனியைத் தேடுகிறார்கள். தேடிய இடத்தில் கிடைத்தது கணக்கில் ஏறுகிறது. தேடாத தெருவில் கணக்கே இல்லை. அடுத்த முறை அந்தக் கணக்கைக் காட்டியே மறுபடி காலனிக்கு வருகிறார்கள். பிடிபட்டவருக்குச் சொத்து ஜாமீன் தர ஆளில்லை, ஆகவே உள்ளேயே கிடக்கிறார், அதுவும் கணக்கில் கூடுகிறது.

நம் தெருவில் திருடுகிறவரே இல்லை என்று நாம் வாதிடவில்லை. எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். செய்தவருக்குத் தண்டனை கொடுங்கள், தெருவுக்குக் கொடுக்காதீர்கள் என்கிறோம். தீண்டாமையும் குற்றம்தான், அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இரட்டைக் குவளை வைத்தவரின் சாதியைக் குற்றப் பரம்பரை என்று எந்த ஏடாவது எழுதியதா?

நியூயார்க் நகரில் 2004 முதல் 2012 வரை போலீசார் 44 லட்சம் முறை ஆட்களைத் தெருவில் நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கறுப்பரும் லத்தீன் மக்களும். பத்துக்கு ஒன்பது முறைக்கு அருகில், மேல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013இல் நீதிமன்றம் சொன்னது.

இங்கே சந்தேகத்தின் விலை உயிர். 1993இல் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட முதனை ராஜாக்கண்ணு வீடு திரும்பவில்லை. "ஜெய்பீம்" படம் வந்த பிறகே பலர் அந்தப் பெயரைக் கேட்டார்கள். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் தி.மண்டபத்தில் திருட்டு வழக்கைச் சொல்லி இருளர் குடும்பத்தினரைப் போலீசார் கொண்டுபோனார்கள். அந்த இரவில் தங்களைப் போலீசாரே வன்கொடுமை செய்ததாக நான்கு பெண்கள் புகார் கொடுத்தார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். உடனே கல்வராயன் மலையைக் கை காட்டினார்கள். மலைக்காரர் என்றாலே சாராயம் என்ற பேச்சு கீழ்நாட்டில் பழையது. கொன்றது மெத்தனால். அது மலையில் காய்ச்சும் சரக்கல்ல, ஆலையில் தயாராகும் ரசாயனம். செத்தவர்களைக் "குடிகாரர்கள்" என்ற ஒரே சொல்லில் முடித்தவர்களும் உண்டு.

இனி கசப்பான பகுதி. 2018 மே மாதம் போளூர் பக்கம், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் கூடி அடித்துக் கொன்றது. இன்று கட்டட வேலைக்கு வருகிற வடமாநிலத் தொழிலாளியைக் கண்டால், "வடக்கன், ஜாக்கிரதை" என்கிற குரல் ஊர்த் தெருவில் கேட்கிறது, நம் தெருவிலும் கேட்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் பீகாரின், ஒடிசாவின் சேரிகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன் பெயரை எழுதிய அதே ஏட்டில் இன்னொருவர் பெயரை எழுத நாம் பேனா எடுக்கலாமா?

ஆகவே இரண்டு காரியம் செய்வோம். யாரைப் பிடித்தாலும் கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பும் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவும் தந்த இந்த உரிமைகளை ஒவ்வொரு காலனியிலும் இளைஞர்கள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பிடிபட்டவர் இந்தி பேசினாலும் நம் வழக்கறிஞர் அவருக்காகவும் காவல் நிலையப் படி ஏறட்டும்.

அன்னியர் ஒருவர் தெருவுக்குள் வந்தால், எந்த ஆளுங்க என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டீங்களா என்று கேட்போம். ஜெய்பீம்.