பாலரும் படப் புத்தகமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விஜயதசமியன்று ஏடு தொடக்கி, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே "அ" எழுதுவிக்கின்றோம். அன்றே கல்வி தொடங்கியதென மகிழ்கின்றோம். ஆனால், விரல் எழுதத் தொடங்குமுன்பே கண் படிக்கத் தொடங்கிவிடுகின்றது. பாட்டனாரின் தோளிலிருந்து தேர்ச் சிற்பத்தைக் காட்டி, "அது ஆர்?" என்று கேட்கும் பிள்ளை எழுத்தறியாதது, எனினும் அதுவும் படிக்கின்ற பிள்ளையே அன்றோ? மூன்று வயது தொடக்கம் ஐந்து வயது வரையுள்ள அத்தகைய பிள்ளைகளோடு ஒரு படப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

படத்தினாற் பாலருக்குக் கற்பிப்பது புதுமையன்று. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் சிறுவருக்காக ஆக்கிய படப் பாடநூல் 1658ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரில் வெளிவந்தது. ஆயினும் உதாரணத்துக்கு நாம் அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. நமது நாட்டிலே, காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையிற் பிறந்த சிபில் வெத்தசிங்க அம்மையார் (1927-2020) சிங்களத்திலே தாமே எழுதித் தாமே படமும் வரைந்த "குட ஹொரா" என்னும் நூல் 1956இல் வெளிவந்தது. "குடைக் கள்ளன்" என்பது அதன் பொருள். பிற மொழிகள் பலவற்றிலும் அது பெயர்க்கப்பட்டுள்ளது.

கதை எளியது. குடையையே கண்டிராத ஒரு கிராமம். மழை வந்தால் வாழையிலை முதலியவற்றைத் தலைக்குப் பிடிப்பார்கள். அவ்வூரவர் ஒருவர் பட்டினம் போய்க் குடை ஒன்று வாங்கி வருகிறார்; வழியிற் கோப்பிக் கடையில் இறங்க, குடை களவு போகிறது. எத்தனை முறை வாங்கினாலும் அப்படியே. ஈற்றிலே குடைக்குள் கடதாசித் துண்டுகளை இட்டுவைக்கிறார். அவை சிந்திய வழியே சென்று, காட்டிலே ஒரு மரத்திற் குடைகளெல்லாம் தொங்கக் காண்கிறார். கள்ளன் ஒரு குரங்கு!

இந்நூலை நாம் பாலர் முன் எடுத்துக்கொண்டால் என்ன செய்யவேண்டும்? ஆறேழு பிள்ளைகள் போதும். அரைவட்டமாக அவர்களை இருத்தி, வெளிச்சம் ஏட்டின்மேல் விழும்படி, நாமும் தாழ்ந்திருந்து, புத்தகத்தை அவர்களது கண்மட்டத்திற் பிடிக்கவேண்டும். முதலில் அட்டையைக் காட்டிச் சற்றே பேசாதிருக்க வேண்டும். பேசாதிருப்பதுதான் நமக்கு மிகவும் கடினம்! பிள்ளை பார்த்து முடிக்குமுன் நாம் வாசித்து முடித்துவிடுகின்றோம்.

மழைப் படம் வரும்போது, "உங்கள் வீட்டில் மழைக்கு என்ன பிடிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை "சாக்கு" என்னும். "ஓம், அப்பா சாக்கைத் தலையிற் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவாரோ?" என்று அந்த ஒரு சொல்லை ஒரு வசனமாக வளர்த்துக் கொடுங்கள். அடுத்த முறை அப்பிள்ளையே வசனமாகச் சொல்லும். கடதாசித் துண்டுகள் வருமிடத்தில், அவற்றைப் பிள்ளையின் விரலே தொட்டுச் செல்லட்டும். ஏட்டைப் புரட்டுமுன், "கள்ளன் ஆராயிருக்கும்?" என்று கேட்டு நிறுத்துங்கள். பிள்ளைகள் சொல்லும் விடைகளுள் ஒன்றையும் பிழையென்று தள்ளவேண்டாம்.

இது வெறும் அபிப்பிராயமன்று. 1988இல் அமெரிக்காவிலே வைற்ஹேர்ஸ்ற் என்பாரும் அவரோடு ஆராய்ந்தோரும், மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளின் பெற்றோருக்கு இவ்வாறு கேட்கவும் விடையை வளர்க்கவும் பழக்கினர். ஒரு மாதத்துள்ளேயே அப்பிள்ளைகள், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிடப் பேச்சில் முன்னேறியிருந்தனர்.

நம்மிற் பலரோ படப் புத்தகத்தைப் பரீட்சையாக்கிவிடுகின்றோம். "இது என்ன நிறம்? இது என்ன எழுத்து?" என்று குடைந்தெடுத்தால், பிள்ளை புத்தகத்தைக் கண்டதும் எழுந்தோடும். அன்றி, ஈற்றிலே "களவு செய்யலாகாது" என்று உபதேசம் வைக்கின்றோம். குடைகளையெல்லாம் எடுத்தவர், கள்ளனுக்கென ஒன்றை மட்டும் மரத்திலேயே விட்டுச் செல்கிறார். "ஏன் விட்டார்?" என்று பிள்ளையே கேட்கும். அக்கேள்விக்கு இடம்விடுங்கள். நாம் வைக்கும் உபதேசத்தினும் அது பெரியது.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாற் சலிக்கவேண்டாம். முதன்முறை நாம் சொல்லுகின்றோம். பத்தாம் முறை பிள்ளை நமக்குச் சொல்லும். அதுவே நாம் வேண்டிய பயன்.

பெரியோர்களே, கண் மங்கி எழுத்துத் தெரியாத ஆச்சிமாரும், பள்ளிக்கூடம் போகாத தாய்மாரும் இப்பணியைச் செய்யலாம். படத்துக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. மடியும் பொறுமையும் வேண்டும். கைத்தொலைபேசியும் படம் காட்டும். ஆனால் பிள்ளையின் மறுமொழிக்காக அது காத்திராது.

இளைஞர்களே, ஊர் தோறும் உள்ள பாலர் பாடசாலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம், ஒரு புத்தகத்தோடு செல்ல நம்முள் இருவர் போதாரா? கட்டிடம் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். ஏடு தொடக்கும் அன்று பிள்ளையின் விரலைப் பிடிக்கும் நாம், அதற்கு முன்பே அதன் வார்த்தையைக் கேட்கவும் பழகுவோமாக எனக் கூறி அமைகின்றோம்.