கோல்ப் ஆட்டத்தில் முதலடி
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



சங்கத்தின் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே மரபு. அம்மரபினின்று சற்று விலகி, கோல்ப் ஆட்டத்தில் டிரைவர் எனும் நெடுமட்டையை வீசும் முறை குறித்துப் பேச நாம் எழுந்துள்ளோம். ‘துரைமார் ஆட்டத்திற்குத் தமிழ் மேடையில் என்ன வேலை?’ என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை கூறிவிட்டே பொருளுக்குள் புகுவோம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வயலில் கால் வைத்தனர். வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர் குழிக்குள் இறங்கினர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. கீழே நம்மவர் பாறை உடைக்க, மேலே வெள்ளையர் கிளப் அமைத்தனர். கோல்ப் திடலும் அமைத்தனர். அத்திடலில் நம்மவர்க்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் பை சுமப்பவர் இடமே. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமும் மூடப்பட்டது.

ஆயினும் ஆட்டம் எவர்க்கும் குலச்சொத்து அன்று. 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், தில்லித் திடலில் மட்டைப்பை சுமந்தவர். 2009-இல் அப்பட்டத்தையே வென்ற பெங்களூர் சி. முனியப்பாவும் அவ்வழி வந்தவரே. சுமந்த தோள் வீசவும் அறியும் என்பதற்கு இவ்விருவரே சான்று. ஆதலின் நம் பிள்ளைகள் இதனைக் கற்க விழைந்தால், கூச்சமின்றிக் கற்கட்டும், பிழையறவும் கற்கட்டும்.

இனிப் பொருளுக்கு வருவோம். புதிதாய் ஆடுவோர் செய்யும் முதற்பிழை, கைவலிமையால் பந்தைத் தொலைவுக்கு அனுப்ப முனைவதே. நாமும் தொடக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தவர்தாம். பந்து வலப்புறப் புதரில் மறைந்தது. இடுப்பு நோவு மட்டும் நம்மிடம் எஞ்சியது.

காற்றுத் துளைப்பொறி வருமுன் சம்மட்டியால் பாறை துளைத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். பழகிய தொழிலாளி சம்மட்டியின் பிடியை நெரிப்பதில்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, சம்மட்டியின் எடையையே வேலை செய்ய விடுகிறான். கையால் மட்டும் அடிப்பவன் சிறிது நேரத்தில் சோர்ந்து போவான். டிரைவர் வீச்சின் மறையும் இதுவே. விசை தரையில் பிறந்து, கால், இடுப்பு, தோள், கை என முறையே ஏறி, இறுதியில் மட்டையின் தலையைச் சேரவேண்டும். இவ்வரிசை குலைந்தால் எத்துணை வலிமையும் வீணே.

வலக்கையர்க்கு உரிய முறையைக் கூறுவோம். இடக்கையர் மாற்றிக் கொள்க. கால்களைத் தோளகலத்தினும் சற்று அகல வைக்க வேண்டும். பந்து இட குதிகாலுக்கு நேரே அமைய வேண்டும். பந்தை ஏந்தும் ‘டீ’ எனும் சிறு முளையை, பந்தின் பாதி மட்டையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியுமாறு ஊன்றுக. ஏனைய மட்டைகள் பந்தை அடிக்கும்போது தாழ்ந்து வரலாம். டிரைவரோ தாழ்ந்து மேலெழத் தொடங்கும்போது அடிக்க வேண்டியது. அப்பொழுதே பந்து வீண்சுழற்சி குறைந்து நெடுந்தூரம் செல்லும். வல்தோள் இடத்தோளினும் சற்றே தாழ்ந்திருப்பின் இது தானே வாய்க்கும்.

மட்டையைப் பின்னோக்கி எடுக்கையில் விரைவு வேண்டா. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் மட்டையை ஏற்ற எடுத்துக்கொள்ளும் நேரம், இறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஏற்றத்திற்கு மனத்துள் எண்ணி, ‘நான்கு’ என்று இறக்குக. முதுகு பந்து செல்லவேண்டிய திசையை நோக்குமளவு தோள் திரும்பட்டும். முடியாதவர் இட குதிகாலைச் சிறிது உயர்த்தலாம். இறக்கும்போது முதலில் அசைய வேண்டியது கையன்று; எடை இடக்காலுக்கு மாறுவதே முதற்செயல். கை அதனைப் பின்தொடரும்.

புதியவரை வாட்டும் பெருங்குறை, பந்து வலப்புறம் வளைந்தோடும் ‘ஸ்லைஸ்’. முன்னாளில் பந்து மட்டை வீசப்பட்ட வழியிலேயே புறப்படுகிறது என்று கற்பித்தனர். இந்நாளில் கருவிகளால் அளந்து கண்ட உண்மை வேறு. பந்து புறப்படும் திசையைப் பெரிதும் தீர்மானிப்பது, அடிக்கும் நொடியில் மட்டைமுகம் நோக்கும் திசையே. வீச்சின் வழிக்கு வலப்புறமாக முகம் திறந்திருந்தால், பந்து வலப்புறம் வளைகிறது. இதனை அறியாதோர், வலப்புறம் போகிறதே என்று அஞ்சி இடப்புறம் குறிவைத்து நிற்கின்றனர். அதனால் வீச்சு வெளியிலிருந்து உள்ளாக வெட்டுகிறது. வளைவு இன்னும் மிகுகிறது. மருந்தே நோயை வளர்க்கும் நிலை இது.

உண்மை மருந்து பிடியிலே தொடங்குகிறது. இடக்கையை நோக்கினால் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரியட்டும். பிடி தளர்வாய் இருக்கட்டும். கோழிக்குஞ்சைப் பற்றுவதுபோல் நழுவாமலும் நசுங்காமலும் பற்றுக. பின்னர் மட்டை உள்ளிருந்து வெளியே பந்தைக் கடந்து செல்லுமாறு வீசுக.

மட்டைமுகமும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அவ்வளவில் கையால் எதையும் திருத்த முடியாது. ஆகவே திருத்தம் யாவும் அடிக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். முகத்தின் நடுவில் பட்ட மெல்லடி, ஓரத்தில் பட்ட வல்லடியைத் தோற்கடிப்பதையும் நாம் பலகால் கண்டுள்ளோம்.

பழகுவதற்குப் பொருட்செலவு மிகுதியும் வேண்டா. ஒரு துண்டை முடிச்சிட்டு வீசிப் பாருங்கள். அதன் ஓசை பந்து இருக்குமிடத்திற்கு அப்பால் எழுந்தால் வீச்சு சரி. பிறகு அரை வீச்சிற் பத்து, முக்கால் வீச்சிற் பத்து, முழுவீச்சிற் சில எனப் பழகுக. மட்டைப்பிடியில் ஓரங்குலம் தாழ்த்திப் பற்றினால் தூரம் சிறிது குறையினும் நேர்மை கூடும். அடித்த பின்னும் எண்ணிக்கை மூன்று வரை நிலைகுலையாது நிற்க இயலுமா என்று நம்மையே சோதித்துக்கொள்ள வேண்டும். நிற்க இயலவில்லையெனில் அளவுக்கு மீறி அடித்தோம் என்பது பொருள்.

நண்பர்களே! நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர் நம் இளைஞர் பலர். அவர்களுக்கு ஓய்வும் பொருளும் குறைவு. அவர்களை எண்ணியே இதனைக் கூறினோம். பிறர்க்கென ஏந்திய மட்டையை ஒருநாள் தமக்கென அவர்கள் ஏந்தும்போது, அவர்கள் கைக்கு அவ்வீச்சு புதிதாய் இராது. அது பாறை பிளந்த பாட்டன் அறிந்த வீச்சே. கால் ஊன்றட்டும், கை தளரட்டும், பந்து நேரே செல்லட்டும்!