மழையில் நனைந்த ராணி



பசிபிக் கடலின் தொங்கா தீவுகளை 47 ஆண்டுகள் ஆண்டவர் சாலோட்டே ராணி. 1918-ல், 18 வயதில், அரியணை ஏறினார். அவ்வாண்டின் இறுதியிலேயே விஷக்காய்ச்சல் பரவி, அச்சிறு தேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டது. ஜனங்களின் துக்கத்தோடே அவர் ஆட்சி தொடங்கியது. பிரிந்துகிடந்த மெதடிஸ்டு சபைகளை 1924-ல் இணைக்க முன்னின்றார்.

1953 ஜூன் 2, லண்டனில் எலிசபெத் ராணியின் முடிசூட்டு ஊர்வலம். கொட்டும் மழை. மற்ற வண்டிகள் மூடப்பட்டன. சாலோட்டே தம் வண்டியை மூடவில்லை. தெருவோரம் நனைந்து நின்றவர்களுக்குத் தாமும் நனைந்தபடி சிரித்துக் கையசைத்தார். 1965-ல் அவர் மரித்தபோதும் உலகம் அதையே நினைவுகூர்ந்தது.

மழையை நிறுத்த அவரால் இயலவில்லை. எல்லா வியாதியையும் நீக்க எங்களாலும் இயலுவதில்லை. படுக்கையருகே உட்கார இயலும். உங்கள் காணிக்கையே எங்களை அங்கே உட்கார வைக்கிறது.