நத்தை ஓட்டுக்குள் ஒரு குடும்பம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



விருத்தாசலம்னா பீங்கான் பொம்மைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எங்கள் குழு வண்ணமீனும் வளர்க்கிறது. நாங்கள் வளர்ப்பது ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன். இரண்டு அங்குலம்தான் இருக்கும். காலி நத்தை ஓட்டுக்குள் முட்டையிடும். நம்ம வயல் நத்தை ஓட்டையே கொதிக்க வைத்துக் கழுவிப் போட்டோம். கடினமான போர் தண்ணி இதற்கு ஒத்துக்கொள்ளும்.

முதல் தடவை அவசரப்பட்டோம். ஓட்டை உதறிக் குஞ்சுகளை வேறு தொட்டியில் விட்டு, தீனியை அள்ளிப் போட்டோம். தண்ணி கலங்கி, மூணே நாளில் எல்லாம் செத்துப்போச்சு. அது கடன் வாங்கிய பணம். தவணை நாளில் தலைகுனிந்து நின்றோம்.

அடுத்த தடவை தாயிடமே விட்டோம். அது ஓட்டைச் சுற்றிக் காவல் காக்கும். ஆர்ட்டீமியா முட்டையை உப்புத்தண்ணியில் காற்று விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரியும். அதை வடிகட்டி, தினம் இரண்டு வேளை கொஞ்சமாகக் கொடுத்தோம். தின்ன மிச்சம் விழக்கூடாது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணி மட்டும் மாற்றினோம். குஞ்சுகள் பிழைத்தன.

சகோதரிகளே, ஒரே தொட்டியில் ஆரம்பியுங்கள். வாங்குகிறவரிடம் முதலில் பேசுங்கள். கைப்பழக்கம் வந்த பிறகு கடன் கேளுங்கள்.