நிழலுக்கும் சட்டம் வேண்டும்



நகரில் மரம் வளர்ப்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். மரத்தின் பெருமையைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க ஒரு சட்டத்தரணி தேவையில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த சட்டத்திலிருந்தே தொடங்குகின்றேன்.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் நம் நாட்டில் இன்றும் வழக்கிலுள்ளது. அனுமதிப் பத்திரமின்றித் தறிக்கலாகாதென அது காக்கும் மரங்களுட் பெயர்பெற்றவை பலா, ஈரப்பலா, பெண்பனை என்பன. ஏன் இவை? இவை பசியாற்றும் மரங்கள். ஆண்பனையை விடுத்துப் பெண்பனையைக் காத்ததிலேயே சட்டமியற்றியோரின் நோக்கம் விளங்கவில்லையா? அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆயின், சந்தை வாயிலில் நூறு பேருக்கு நிழல் தரும் வேம்பின் கதி என்ன? நிழல் தருகின்றது என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதற்காக வாதாட அச்சட்டத்தில் இடமில்லை.

சிங்கப்பூர் இதனை வேறுவிதமாக நோக்கியது. 1963இல் லீ குவான் யூ அங்கே மரநடுகையைத் தொடக்கிவைத்தார். அந்நகரம் விழாவோடு நின்றுவிடவில்லை. 1975இல் பூங்காக்களுக்கும் மரங்களுக்குமெனத் தனிச்சட்டம் பிறந்தது. 1991இல் இரு பகுதிகள் மரப் பாதுகாப்பு வலயங்களாயின. அங்கே நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் அளக்குமிடத்துச் சுற்றளவு ஒரு மீற்றரைத் தாண்டிய மரத்தை, அது தன் சொந்த வளவில் நிற்பதாயினும், உத்தரவின்றித் தறிப்பவர் 50,000 டொலர் வரை தண்டம் இறுக்க நேரிடும். காய்க்குமா, கனியுமா என்ற கேள்வியே இல்லை. அளவுநாடாவே அங்கு சாட்சி!

“என் வளவு, என் மரம், சபைக்கு அதில் என்ன வேலை?” என்பீர்கள். உங்கள் வளவில் வீடு கட்டவும் சபையின் அனுமதியைத்தானே பெறுகின்றீர்கள்?

காப்பது ஒன்று, திட்டமிடுவது வேறொன்று. நீண்ட வரட்சியில் தன் மரங்கள் வாடக் கண்ட மெல்பேண் நகரசபை, 2012இல் நகரக்காட்டுத் திட்டமொன்றை வகுத்தது. நூற்றுக்கு 22 பங்காயிருந்த மரநிழலை 2040க்குள் 40 பங்காக்குவதும், எந்த ஓர் இனமும் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாமற் பார்ப்பதும் அதன் இலக்குகள். ஒரே இனத்தை வரிசையாக நட்டால் ஒரு நோய் வந்து தெருவையே மொட்டையாக்கிவிடும் என்பது தோட்டஞ் செய்வோர் அறியாததா?

நம் சபைகளோ ஜூன் 5ஆம் திகதி, சோழகம் வீசி மண் வெடிக்கும் நாளில், படப்பிடிப்பாளர் சூழக் கன்று நடுகின்றன. மாரி மழையை நம்பி நடவேண்டுமென்று ஒரு கமக்காரரைக் கேட்டிருந்தாற் சொல்லியிருப்பாரே! நட்ட கன்றின் அடிவரை கொங்கிறீற்றுப் பூசுவது அடுத்த கொடுமை. யாழ்ப்பாணத்தின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையிற் புகும் மழைநீரையே நம்பியிருக்கின்றன. நகரை முழுதும் மூடிவிட்டால் அந்நீர் எவ்வழியே இறங்கும்?

1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சபைகளுக்கு உபவிதி ஆக்கும் அதிகாரத்தைத் தந்துள்ளது. அவ்வதிகாரம் நிழல்மரம் வரை நீளும் என்பது என் கருத்து, மறுப்போர் வழக்காடட்டும். சுற்றளவை அளவுகோலாகக் கொண்ட உபவிதியொன்றை எழுதித்தர நான் ஆயத்தம். ஆனால் எத்தனை மரம் நிற்கின்றதென்ற கணக்கில்லாமற் சபையின் முன் எப்படிப் போவது? வட்டாரத்துக்கு நால்வர் அளவுநாடாவும் கொப்பியுமாக முன்வாருங்கள். வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வருமுன் அக்கணக்கு என் கைக்கு வரவேண்டும்.